தூக்க முடிந்த பங்கு

புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு அக்காள் வீட்டுக்கு வந்த வார்சினி, கூடவே இரண்டு சாமான் கொண்டுவந்தாள். ஒன்று துணி மூட்டை. மற்றது ஒரு பழைய மரப்பெட்டி. அதற்குள் லேத் மெஷினின் பல்சக்கரங்கள். சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் துலா அந்தப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"மத்தவளுங்க கோவிச்சுக்கிட்டு வந்தா நகையோட வருவாளுங்க," என்றாள் அக்காள் கார்யாத்தி. "என் தங்கச்சியைப் பாரு, பழைய இரும்புக்காரி மாதிரி வந்து நிக்கறா."

"அது என் பங்கு அக்கா."

"பங்கா? இதை வறுத்துத் திங்கறதா, பொரிச்சுத் திங்கறதா?"

கார்யாத்திக்கு எல்லாவற்றையும் வாணலிக் கணக்கில்தான் பார்க்கத் தெரியும். அதிவெர்னா கடைத்தெருவில் தாஹு பொரித்து விற்பவள் அவள். சோயாக் கட்டியை முக்கோணமாக நறுக்கி, மரவள்ளி மாவை அப்பி, எண்ணெயில் போட்டு எடுத்தால், பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன்கூட நின்று வாங்கிக்கொண்டுதான் போவான். தங்கைக்கு ஒரு முக்காலியைப் போட்டு மாவு அப்பும் வேலையைக் கொடுத்தாள். பெட்டியைத் தன் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அன்றிலிருந்து கட்டிலில் ஏறும்போதெல்லாம் முழங்காலை அதில் இடித்துக்கொண்டு, வார்சினியின் புருஷன் தார்சோவின் ஏழு தலைமுறையையும் வாழ்த்தினாள்.

தார்சோ, பக்கத்து ஊரான தாலாங்கில் பட்டறைத் தெருவில் லேத் ஓட்டுகிறவன். கெட்டவன் என்று அவனை யாரும் சொல்ல முடியாது. குடியில்லை, சூதில்லை, கை நீட்டி அடித்ததில்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொள்வான். மூடிக்கொள்ள வேண்டிய இடத்தில் திறப்பான். குடும்பம் கெட இதற்கு மேல் என்ன வேண்டும்?

அவர்களுக்குக் கல்யாணமான புதிதில், ஊருக்கு வெளியே இருந்த சர்க்கரை ஆலையை மூடி, உள்ளே இருந்ததையெல்லாம் ஏலம் போட்டார்கள். டச்சுக்காரன் காலத்தில் கப்பலில் வந்து இறங்கிய ஜெர்மன் லேத் ஒன்றும் அதில் இருந்தது. இரண்டு எருமைகளை முன்னும் பின்னுமாக நிறுத்தினாலும் அதன் நீளத்துக்கு வராது. தார்சோ அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கடைசியில் தன் பங்கு வயலை விற்றான். வார்சினி கழுத்துச் சங்கிலியையும் கை வளையலையும் கழற்றிக் கொடுத்தாள். பட்டறையின் பக்கச் சுவரை இடித்து மெஷினை உள்ளே கொண்டுபோய், சிமென்ட் மேடையில் நிறுத்தி போல்ட் முடுக்கிய பிறகு, சுவரைத் திரும்பக் கட்டினார்கள். வெள்ளைக்கார ஆலை அதிகாரிகளை அந்தக் காலத்தில் எப்படிக் கூப்பிட்டார்களோ அப்படியே தெருக்காரர்கள் அதற்கும் 'துரை' என்று பேர் வைத்தார்கள்.

பார்க்கிறவனுக்கு அது கிழட்டு மெஷின்தான். ஆனால் அந்தக் காலத்து வார்ப்பு எத்தனையோ வெயிலும் மழையும் கண்டு அடங்கிவிட்ட இரும்பு. இனி வளையவும் செய்யாது, நெளியவும் செய்யாது. இப்போது வருகிற புது மெஷின்கள் பக்கத்தில் நின்று தும்மினால் ஆடும். துரையின் தலைமேல் ஒரு தம்ளர் காபியை விளிம்புவரை ஊற்றி வைத்துவிட்டு முழு வேகத்தில் ஓட்டினாலும் ஒரு சொட்டு சிந்தாது. பட்டறைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் தார்சோ இந்த வித்தையைக் காட்டுவான். மீன்பிடிப் படகின் சுழல்தண்டு, அரிசி ஆலையின் உருளை, எது பெரிதாக வந்தாலும் "துரைகிட்ட கொண்டு போ" என்பார்கள்.

துரையின் பின்பக்கத்தில் இருக்கும் பல்சக்கரங்களை மாற்றினால்தான், போல்ட்டில் வெட்டுகிற திருகுமரையின் அளவு மாறும். மெல்லிய மரைக்கு ஒரு ஜோடி, தடித்த மரைக்கு வேறு ஜோடி. சக்கரம் இல்லையென்றால் கம்பியை இழைக்கலாம், வழவழப்பாக்கலாம். ஒரு மரைகூட வெட்ட முடியாது. தார்சோ கட்டையில் முளையடித்துச் சுவரில் மாட்டினான். வார்சினி ஒவ்வொரு முளைக்குக் கீழும் சிவப்புப் பெயின்ட்டால் சக்கரத்தின் பல் எண்ணிக்கையை எழுதினாள். அவன் குனிந்தபடியே "அறுபது" என்பான். அவள் "அறுபது" என்று திருப்பிச் சொல்லி எடுத்து நீட்டுவாள். "நாப்பத்தஞ்சு." "நாப்பத்தஞ்சு." எல்லாவற்றிலும் பெரியது நூற்றிருபத்தேழு பல் சக்கரம். அங்குல அளவில் வந்த மெஷினில் மில்லிமீட்டர் மரை வெட்ட அது இல்லாமல் முடியாது. அதற்கு மட்டும் தார்சோ நிமிர்ந்து, இரண்டு கையையும் நீட்டி வாங்குவான். வாங்கும்போது அவள் முகத்தைப் பார்ப்பான். பிள்ளை குட்டி இல்லாத அந்த வீட்டில் கொஞ்சல், குலாவல் எல்லாம் அவ்வளவுதான். வார்சினிக்கு அது போதுமானதாக இருந்தது.

ஒருநாள் சிரெபோனிலிருந்து ஒரு பெரிய வாடிக்கைக்காரர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். வார்சினி சக்கரம் எடுத்துக் கொடுப்பதைப் பார்த்தவர், "இங்க மெஷின் வேலையெல்லாம் வீட்டம்மாதானா? அப்ப நீங்க என்ன பண்றீங்க தார்சோ ஐயா, சமையலா?" என்றார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அதோடு போயிருக்க வேண்டிய பேச்சு. தார்சோவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"உள்ள போய்த் தேத்தண்ணி போடு," என்றான் அவளிடம். "எண்ணெய்க் கையோட வந்தவங்க முன்னால நிக்காதே."

அவள் போனாள். மண்கூஜாவில் தேநீர் போட்டு, கற்கண்டு போட்ட கிண்ணங்களோடு கொண்டுவந்து வைத்தாள். வந்தவர்கள் குடித்துவிட்டுப் போகும்வரை வாயைத் திறக்கவில்லை. போன பிறகு திறந்தாள். புருஷனை அவள் 'காங்' என்றுதான் கூப்பிடுவாள்.

"என் சங்கிலியும் வளையலும் அதுக்குள்ள இருக்கு காங். அதுல பாதி என்னோடது. என் மெஷின் பக்கத்துல நான் நிக்கக் கூடாதுன்னு சொல்ல நீ யாரு?"

அந்த ஊர்ப்பக்கம் அது வழக்கம்தான். கல்யாணத்துக்குப் பிறகு புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வாங்கியது எதுவானாலும், பிரிகிறபோது ஆளுக்குப் பாதி. அதனால்தான் 'பாதி' என்ற சொல்லை வீட்டில் யாரும் சும்மா சொல்ல மாட்டார்கள். தார்சோவுக்கு அது சுருக்கென்று தைத்தது.

"பாதியா? எடுத்துக்கிட்டுப் போ," என்றான். "தாராளமா. உன்னால தூக்க முடிஞ்சதைத் தூக்கிக்கிட்டுப் போ."

அவளால் தூக்க முடிந்ததை அவள் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

வந்த முதல் வாரம், இன்று வருவான், நாளைக்கு வருவான் என்று இருந்தாள். சக்கரம் இல்லாமல் அவன் எத்தனை நாள் பட்டறை நடத்த முடியும்? வரட்டும், வந்து கேட்கட்டும். "சக்கரத்தைக் குடு" என்று மட்டும் கேட்டாலும் போதும். மன்னிப்பெல்லாம் அந்த மனுஷன் வாயில் வராது. அவளுக்கும் அது வேண்டாம். சக்கரத்தைக் கேட்டால் அவளைக் கேட்டதுபோலத்தான்.

தார்சோ வரவில்லை. மரை வெட்டும் வேலை வந்தால் பக்கத்துப் பட்டறைக்கு அனுப்புகிறான் என்று துலா வந்து சொன்னார். புதிதாகச் சக்கரம் வெட்டிக்கொடுக்க அந்தத் தெருவில் ஆளில்லாமல் இல்லை. எதிர்ப் பட்டறைக்காரன் தானே வெட்டித் தருவதாகச் சொல்லியும் பார்த்தானாம். "வேண்டாம், சக்கரம் இருக்கு. ஒரு இடத்துல இருக்கு," என்று தார்சோ சொல்லிவிட்டானாம். இதைக் கேட்ட அன்று வார்சினி மாவு அப்பிய தாஹு ஒவ்வொன்றும் இரட்டிப்புக் கனமாக இருந்தது. கார்யாத்தி திட்டித் தீர்த்தாள். வார்சினிக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஐந்து வாரத்துக்கு ஒருமுறை கிலிவோன் வெள்ளி வரும். அன்று வீட்டில் இருக்கும் கத்தி, ஈட்டி போன்ற பழம்பொருள்களைத் துடைத்துப் பூ வைப்பார்கள். பட்டறையில் வார்சினி துரைக்குப் பூ வைத்து, சர்க்கரை போடாத காபி ஒரு தம்ளர் வைப்பது வழக்கம். அக்காள் வீட்டில் துரை இல்லையே. பெட்டியை இழுத்து, சக்கரங்களை ஒவ்வொன்றாக எடுத்து, பல்லுக்குப் பல் துணியால் துடைத்து, எண்ணெய் பூசி, மெழுகுத் தாளில் சுற்றி வைத்தாள். ஒரு கிலிவோன் வெள்ளியைக்கூட அவள் விட்டதில்லை.

"எனக்குக் காய்ச்சல்னா ஒரு கஷாயம் போட மாட்டே," என்பாள் கார்யாத்தி. "அந்த இரும்புக்கு எண்ணெய்க் குளியல். ஏண்டி, அவன் வரமாட்டான்டி. நீயாவது போயேன்."

"நான் ஏன் போகணும்? என்னைப் போகச் சொன்னவரு அவரு. வரச் சொல்ல வேண்டியவரும் அவருதான்."

நோன்புப் பெருநாள் வந்தது. ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் ஒருவரிடம் ஒருவர் போய் மன்னிப்புக் கேட்கும் நாள். வார்சினி புது உடுப்புப் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கடன்காரன் வந்தான், தூரத்து உறவு வந்தது, துலாகூட வந்து கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டுவிட்டு நாலு தாஹு தின்றுவிட்டுப் போனார். தாலாங்கில் தார்சோவும் அதேபோல வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான் என்பது அவளுக்குத் தெரியாது. இரண்டு பேருக்கும் நடுவில் இருந்ததோ ரிக்‌ஷாவில் அரைமணி நேரத் தூரம். சொன்னால் வெட்கக்கேடு.

மழைக்காலம் முடிகிற சமயத்தில், கடை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர் பெயர் விபோவோ. பழைய மெஷின்களை விற்றுக்கொடுக்கும் தரகர். வாசனை எண்ணெய் பூசி, சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டிருந்தார். முதலில் தாஹு வாங்கி, ருசி பிரமாதம் என்று கார்யாத்தியைக் குளிர வைத்துவிட்டு, பிறகு வார்சினி பக்கம் திரும்பினார்.

"அம்மாவோட மெஷினைப் பாத்துட்டு வர்றேன். கீழ நீளமா இருக்கற பெட்டுல, கம்பியைக் கவ்வுற சக் பக்கத்துல நகத்தை ஓட்டிப் பாத்தேம்மா. அங்கதானே அதிகம் தேயும்? ஒரு படிகூடத் தட்டலை. இந்த வயசுல அப்படி ஒரு மெஷின் நான் பாத்ததில்லை. சுரபாயாவுல கப்பல் ரிப்பேர் பண்றவர் ஒருத்தருக்கு உடனே வேணும். நல்ல விலை. இன்னும் ஒரு ஐம்பது வருஷம் ஓடும்."

வார்சினியின் கை மாவிலேயே நின்றது. "விக்கறாரா?"

"விக்கலாம்னு சொல்றாரு. ஆனா பாதி அவளோடது, அவ சம்மதம் வேணும், சக்கரமும் அவகிட்டதான் இருக்கு, போய்க் கேளுன்னு சொன்னாரு. சக்கரம் முழுசா இருந்தாத்தான் இந்த விலைம்மா. பழைய அங்குலப் பல்லு. மொத்தத்தையும் புதுசா வெட்டறதுன்னா என் ஆளு வேற மெஷினைப் பாத்துக்கிட்டுப் போயிடுவாரு."

"அவரு ஏன் வரலை?"

விபோவோ சிரித்தார். "அவருக்கு என்ன வேலையோ. எனக்கு இதுதாம்மா வேலை. பெட்டியைக் குடுங்க, நானே ஏத்திக்கறேன். உங்க பாதி உங்க கைக்கு வந்துடும்."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை நாள் எதற்காக அந்தப் பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளோ, அந்தக் கேள்வியைக் கேட்க யாரோ ஒரு வாசனைக்காரனை அனுப்பியிருக்கிறான். அதுவும் விற்பதற்காக.

"சக்கரம் இல்லை," என்றாள். "எடைக்குப் போட்டுட்டேன்."

"எடைக்கா?"

"கிலோக் கணக்குல. பழைய இரும்புக்காரன் வந்தான், போட்டேன். உருக்கியிருப்பாங்க இந்நேரம். போய்ச் சொல்லுங்க அவருகிட்ட."

கார்யாத்தி கரண்டியோடு திரும்பினாள். வார்சினி பார்த்த பார்வையில் அவள் மறுபடி வாணலி பக்கம் திரும்பிக்கொண்டாள். விபோவோ இரண்டு தடவை நாக்கைச் சப்புக்கொட்டினார். "பாவம்மா அந்த மெஷின்," என்று உண்மையாகவே வருத்தப்பட்டுவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

"ஏண்டி புளுகினே?" என்றாள் கார்யாத்தி. "தினமும் என் முட்டியைப் பேத்துக்கிட்டு அங்க கிடக்கு. எடைக்குப் போட்டாளாம்!"

"சக்கரம் இல்லாட்டி ஒருத்தனும் வாங்க மாட்டான் அக்கா. துரை அங்கேயே நிப்பாரு. நின்னாருன்னா என் வீட்டுக்காரரு என்னிக்காவது என்கிட்ட வந்துதானே ஆகணும்?"

மெஷினைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது ஊரில் பாதி ஆண்களுக்குத் தெரியாது. ஆனால் சக்கரம் இருக்கிறதா, மரை வெட்டுமா, பெட் தேய்ந்திருக்கிறதா என்று எதுவும் கேட்காமல் வாங்குகிற ஒருவன் உலகத்தில் உண்டு. தான் சொன்ன பொய்க்குள்ளேயே அவன் இருந்தும், வார்சினி அவனை மறந்துபோனாள்.

அடுத்த வாரத்தில் ஒருநாள் காலை, கடையில் கூட்டமாக இருந்த நேரம், துலா ரிக்‌ஷாவை நிறுத்தாமலே கத்தினார்.

"வார்சினி! துரையை உடைக்கறாங்க! பழைய இரும்பு வாங்கற மதுராத் தீவுக்காரர் லாரி விடிஞ்சதுமே வந்து நிக்குது!"

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மாவுச் சட்டியைக் கீழே போட்டாள். கார்யாத்தி கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். மூன்று பேருமாகத் தூக்கி ரிக்‌ஷாவில் வைத்தார்கள். "போ," என்றாள் அக்காள். "போய்க் காலைப் பிடி, கையைப் பிடி. மானம் ரோஷம் எல்லாம் அப்புறம்."

வழியெல்லாம் வார்சினி சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். சக்கரம் இருக்கு காங். பொய் சொல்லிட்டேன். நீ வரலைன்னு கோவம். பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள். துலா அவர் வயதுக்கு மிதிக்கக் கூடாத வேகத்தில் மிதித்தார்.

தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. வார்ப்பிரும்பு கேஸ் தீ வெட்டுக்கு மசியாது. வரிசையாகத் துளை போட்டு, ஆப்பு இறக்கி, சம்மட்டியால் அடித்துத்தான் பிளக்க வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் கோயில் மணிபோல ஒரு நீண்ட நாதம் வந்தது. நல்ல வார்ப்பு அப்படித்தான் கூவும். பிறகு ஒரு அடி விழுந்தது. அதற்கு நாதமே இல்லை. வெறும் மொட்டைச் சத்தம். அவள் ரிக்‌ஷாவிலிருந்து குதித்து ஓடினாள்.

துரையை உள்ளே கொண்டுவர இடித்த அதே இடத்தில் சுவரைத் திரும்ப இடித்திருந்தார்கள். லாரி பின்பக்கத்தைக் காட்டி நின்றது. துரையின் தலை ஏற்கெனவே லாரியில் இருந்தது. பெட் நடுவில் பிளந்து, இரண்டாகக் கிடந்தது. உடைந்த இடம் சாம்பல் நிறத்தில் புதிதாக மினுங்கியது. இவ்வளவு காலமும் வெளியைத் துடைத்தவளுக்கு, அதன் உள்பக்கம் எப்படியிருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

தார்சோ கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்திருந்தான். இளைத்துப்போயிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான்.

"நானே சாயங்காலம் வரலாம்னு இருந்தேன்," என்றான். குரல் மெதுவாகத்தான் இருந்தது, கோபமில்லை. "உன் பங்கைக் குடுக்க."

அவன் வருவதாக இருந்தான். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் இத்தனை நாள் காத்திருந்தாள்.

"காங், ஏன் இப்படிப் பண்ணினே?"

"வேற என்ன பண்றது? ஜகார்த்தாவுல அண்ணன் சாப்பாட்டுக் கடையைப் பாத்துக்கச் சொல்றான். ஒரு ஆளால முடியாது, பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு வான்னான்." அவன் கையைப் பிசைந்தான். "துரை நல்ல இடத்துக்குப் போனா, அந்தக் காசோட உன்கிட்ட வந்து கேக்கலாம்னு இருந்தேன். அதுக்கு முன்னால, சக்கரத்தை நீ வெச்சிருக்கியான்னு தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு. அதான் அந்த ஆளை அனுப்பினேன். வெச்சிருந்தாள்னா வருவா, வித்திருந்தாள்னா..." அவன் முடிக்கவில்லை. "எடைக்குப் போட்டேன்னு சொல்லியிருந்தே. எனக்குக் கோவம் வரலை சினி. சத்தியமா வரலை. சோத்துக்குக் கஷ்டப்பட்டிருப்பா, நான்தான் கவனிக்கலைன்னு நினைச்சேன். ரெண்டு நாள் தூக்கமே இல்லை. சரி, முடிஞ்சுபோச்சு, இதுவும் எடைக்கே போகட்டும்னு..."

அப்போது துலா பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே வந்து வைத்தார். நல்ல நேரம் பார்த்து வந்தார் மனுஷர்.

தார்சோ பெட்டியைப் பார்த்தான். குனிந்து மூடியைத் திறந்தான். மெழுகுத் தாளைப் பிரித்து ஒரு சக்கரத்தை எடுத்தான். பல் ஒன்றில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தான். விரலில் எண்ணெய் ஒட்டியது; முந்தின வெள்ளிக்கிழமை பூசிய எண்ணெய். இன்னொன்றைப் பிரித்தான், அதுவும் அப்படியே. அவன் முகம் மலரும் என்றுதான் அவள் நினைத்தாள். எத்தனை கிலிவோன் வெள்ளி, எத்தனை தடவை! அதைப் பார்த்தால் எந்தப் புருஷனுக்கும் புரியாதா?

"இருந்துச்சு," என்றான் தார்சோ.

"இருந்துச்சு காங். நீ வரலைன்னுதான் நான்..."

"கையில வெச்சுக்கிட்டு, துடைச்சு எண்ணெய் போட்டு வெச்சுக்கிட்டு, உருக்கிட்டாங்கன்னு சொன்னே."

"நீ வந்து கேக்கணும்னு இருந்தேன்."

"கஷ்டத்துல வித்திருந்தா எனக்கு ஒண்ணுமில்லை," என்றான். "ஒரு வார்த்தை, 'இருக்கு'ன்னு ஒரே வார்த்தை. துரை இன்னும் ஐம்பது வருஷம் ஓடியிருக்கும்னான் அந்த ஆளு. ஒரு வார்த்தைக்காகக் கொன்னுட்டியேடி."

இவன் மட்டும் ஒரு வார்த்தை சொன்னானா? சொல்லியிருந்தால்? அதைக் கேட்க அவளுக்கு நியாயம் இருந்தது. ஆனால் உடைந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டே அந்த நியாயத்தைப் பேச நாக்கு எழவில்லை. தன்மேல் அவ்வளவு வெறுப்பு அவளுக்கு வந்தது.

பழைய இரும்புக்காரர் சஹ்ராவி தொண்டையைக் கனைத்தார். தீவிலிருந்து வந்து எத்தனையோ வருஷமாக ஊர் ஊராக இரும்பு வாங்குகிறவர். இந்த மாதிரிப் பட்டறைகளில் யாராவது அழாமல் அவர் லாரி கிளம்பியதில்லை. "விடிஞ்சதுமே வந்திருந்தா நானே தராசைத் தூக்கிக்கிட்டுப் போயிருப்பேம்மா," என்றார். "நமக்கு இரும்பு எங்கேயும் கிடைக்கும்." பிறகு, கேட்காமல் இருக்க முடியாமல், "அந்தப் பெட்டி?" என்றார்.

"அது அவ பங்கு," என்றான் தார்சோ. "அவளைக் கேளுங்க." சட்டைப் பையிலிருந்து காசை எடுத்து, சரிபாதியாகப் பிரித்து, பெட்டிமேல் வைத்தான். பிறகு முதுகைக் காட்டிக்கொண்டு வாளியில் உட்கார்ந்தான்.

வார்சினி சுவரைப் பார்த்தாள். முளைகள் அப்படியே இருந்தன. பட்டறையில் ஒரு அங்குலம் விடாமல் சாமான் தொங்கியது. ஆனால் அந்த முளைகளில் மட்டும் இத்தனை மாதத்தில் ஒரு கந்தல் துணிகூட மாட்டவில்லை அவன். கீழே சிவப்புப் பெயின்ட் எண்கள் தூசியில்லாமல் இருந்தன. துடைத்திருக்கிறான். அவளுக்கு அதைப் பார்த்த பிறகுதான் அழுகை வந்தது. அழுதுகொண்டே பெட்டியிலிருந்து ஒரு சக்கரத்தை எடுத்தாள்.

"மெஷின் போற இடத்துக்கே இதுவும் போகட்டும்," என்றாள் சஹ்ராவியிடம். "வேற எதுக்கும் இது பொருந்தாது."

"எடை போட வேண்டாமா?"

"வேண்டாம்."

அவளே லாரிக்குக் கொண்டுபோனாள். அவர் மேலே நின்று வாங்கி, துரையின் துண்டுகளுக்கு நடுவில் வைத்தார். நீட்டும்போது அவள் வாய் தன்பாட்டில் எண்ணைச் சொன்னது. "அறுபது." திரும்பி வந்து அடுத்ததை எடுத்தாள். "நாப்பத்தஞ்சு." இந்தத் தடவை எண்ணை முன்னால் சொல்ல யாருமில்லை, அவள் மட்டும் சொல்லிச் சொல்லிக் கொடுத்தாள். தார்சோ திரும்பவில்லை. அவன் முதுகு ஒவ்வொரு எண்ணுக்கும் இன்னும் கொஞ்சம் குனிந்தது.

பெட்டியில் பெரிய சக்கரம் மட்டும் மிஞ்சியது. அவள் அதைப் பிரித்து எடுக்கக் குனிந்தபோது வாளிப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"நூத்தி இருபத்தேழு."

"நூத்தி இருபத்தேழு," என்றாள். எடுத்துக்கொண்டு அவன் முன்னால் போய் நின்றாள்.

தார்சோ எழுந்து, இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டான். எப்போதும்போலத்தான் வாங்கினான். ஆனால் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு நேராக லாரிக்குப் போய், துரையின் தலைக்குப் பக்கத்தில் தன் கையாலேயே வைத்தான். பின்கதவை ஏற்றிக் கொக்கி மாட்டினான். அப்படியே இடித்த சுவர் வழியாகத் தெருவில் இறங்கி, பஸ் நிற்கும் பக்கமாக நடக்கத் தொடங்கினான்.

"காங்!" என்று கூப்பிட்டாள்.

லாரி கிளம்பும் சத்தத்தில் அது அவனுக்குக் கேட்டதோ இல்லையோ. கேட்டிருந்தாலும் அவன் நிற்கவில்லை.

காசு பெட்டியிலிருந்து நழுவித் தரையில் கிடந்தது. அதை எடுக்கலாமென்று குனிந்தவள், தன் கைகளைப் பார்த்தாள். முழங்கைவரை எண்ணெய். துடைக்கத் துணி தேடினாள். துரையின் உடம்பிலேயே, பின்பக்கத்துக் கொக்கியில் எப்போதும் ஒரு துணி தொங்கும். அந்தப் பக்கம் கை போய், எட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்தது. எண்ணெய்க் கையோடு அவள் அங்கேயே நின்றாள். போய்த் தேத்தண்ணி போடு என்று சொல்லக்கூட அங்கே யாரும் இல்லை.